மதுரை வரை நடந்தும் சொல்லாதது

பியூலா,

என் கடிதங்களை எப்போதும் ஒரு தோத்திரத்தோடு தொடங்குவேன். நீ விடுதியில் இருந்து நர்சிங் படித்த காலத்தில், "அப்பா, மொதல் நாலு வரியை விட்டுட்டுத்தான் நான் படிப்பேன்" என்று கேலி செய்வாய். இந்த முறை அந்த நாலு வரியை எழுதக் கை வரவில்லை. முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். எந்த ஊருக்கும் எல்லா நிறுத்தத்திலும் நின்றுதான் போய்ச் சேர்ந்து பழக்கம். அதனால் கடிதம் கொஞ்சம் நீளும். கோபம் வரும் இடத்தில் கிழித்துப் போட்டுவிடாமல் கடைசி வரை படி. கவருக்குள் ஒரு சின்ன அட்டையும் வைத்திருக்கிறேன். அதை இப்போதே எடுக்காதே. எப்போது பார்க்க வேண்டும் என்று நானே சொல்கிறேன்.

ஈஸ்டர் கழிந்து உனக்குக் கல்யாணம். அம்மை போய் நாலு மாதம்கூட ஆகவில்லையே, தேதியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று போன வாரம் போனில் கேட்டேன். நீ மஸ்கட்டிலிருந்து சொன்னாய்: "தள்ளிப் போடாண்டாம்ப்பா. அம்மை இருந்தப்பமும் எனக்கு அம்மை இருந்த மாதிரி இல்லல்லா." சொல்லிவிட்டு நீ பந்தலுக்கு யாரிடம் சொல்வது, கொட்டாரத்தில் எந்தக் கடையில் பூ எடுப்பது என்று பேசப் போய்விட்டாய். எட்டு வருஷமாக நீ உன் அம்மையை மன்னிக்கவில்லை. அவள் குழிக்குள் போன பிறகும் மன்னிக்கவில்லை. உன் கையைப் பிடித்துக் கோவிலுக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் நான். அதற்கு முன்னால் இதைச் சொல்லாவிட்டால் அந்தக் கையைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை. உன் அம்மை மேல் ஒரு குற்றமும் கிடையாது, மக்ளே. நீ அவளிடம் காட்டிய கோபம் முழுவதும் எனக்குச் சேர வேண்டியது.

சுனாமி வந்து இரண்டு வருஷம் கழிந்த ஆவணியில் உன் அண்ணன் சாம் போனான். இராஜாக்கமங்கலத்தில் கூடப் படித்த கூட்டுக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த பைக்கில் டெம்போ மோதியது. நான் மதுரை வண்டியில் டூட்டி. டெப்போவில் சொன்னார்கள், காக்கிச் சட்டையோடு, தோளில் பையோடு அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்தது. அவனுக்கு இருபத்திரண்டு வயது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தூங்குகிறவன் மாதிரிதான் கிடந்தான். அந்த நேரத்தில்தான் ஒரு பெண் வந்து, கண்ணைத் தானமாகக் கொடுக்கச் சம்மதமா, இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும் என்று மிகவும் பணிவாகக் கேட்டாள். வராந்தாவில் நம் சொந்தக்காரர்கள், சபை ஆட்கள் எல்லாம் நின்றார்கள். நீ என் பக்கத்தில் வந்து, அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாய்.

"அப்பா, அண்ணன் எழுதிக் குடுத்திருக்கான். காலேஜ் கேம்ப்ல. நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்."

"எங்க எழுதி வச்சிருக்கான்? காட்டு பாப்போம்."

"பர்சுல அட்டை இருக்கும். பாருங்க."

ஆஸ்பத்திரியில் கொடுத்த கவரிலிருந்து அவன் பர்சை எடுத்து உன் முன்னாலேயே விரித்துக் காட்டினேன். பஸ் பாஸ் இருந்தது. நம் வீட்டு போட்டோ ஒன்று இருந்தது. அட்டை இல்லை. நீ பர்சை வாங்கி மறுபடியும் மறுபடியும் தேடினாய். வீட்டுக்குப் போய் அவன் பெட்டியை, புத்தகத்தை எல்லாம் கவிழ்த்துத் தேடினாய்.

இப்போது அட்டையை எடுத்துப் பார், பியூலா.

கீழே இரண்டு கையெழுத்து இருக்கிறது. ஒன்று அவனுடையது, இன்னொன்று உன்னுடையது. நீ வந்து கேட்பதற்கு அரை மணி நேரம் முன்னால், கவரைப் பிரித்தபோதே அதை நான் பார்த்துவிட்டேன். என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நீ பர்சைத் துழாவியபோது அது என் நெஞ்சுக்கு மேலேதான் இருந்தது.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். அன்று எல்லாருக்கும் கேட்கும்படி நான் ஒரு காரணம் சொன்னேன். "கடைசி எக்காளம் ஊதும்ப எனக்க பிள்ளை கண்ணில்லாமலா எழும்புவான்?" என்று கேட்டேன். நாலு பேர் தலையை ஆட்டினார்கள். ஆட்டினதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஆனால் அது நான் சொன்ன காரணம் மட்டும்தான். கடலில் போனவனை, தீயில் போனவனை எழுப்புகிறவருக்குக் கண் ஒரு பொருட்டா என்று எனக்குத் தெரியாதா? உண்மையில், அவன் கண்ணில் வேறொருவர் கை வைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் தூசு விழுந்தாலும் நான்தான் ஊதிவிடுவேன், வேறு யாரையும் தொட விடமாட்டான். அந்தப் பைத்தியத்தில் அட்டையை ஒளித்தேன். அதை மன்னிக்கலாம் என்றுகூட எனக்குச் சில நாள் தோன்றும். அரை மணி கழித்து நீ கேட்டபோது "இந்தா இருக்கு" என்று எடுத்துக் கொடுக்காமல் பர்சை விரித்துக் காட்டினேனே, அதற்கு மன்னிப்பு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ அம்மையிடம் போனாய். "அம்மா, நீ சொல்லு. நீ சொன்னா அப்பா கேப்பாரு" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாய். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அட்டை இல்லியா?" நான் இல்லை என்றேன். டிக்கெட் இல்லாமல் சொந்த அண்ணனைக்கூட பஸ்ஸில் ஏற்றாதவன் என்று ஊரில் எனக்குப் பேர். இருபத்தைந்து வருஷம் அப்படிப்பட்டவனோடு வாழ்ந்தவள் என் சொல்லை நம்பித் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்து நீ, "நீயும் ஒரு அம்மையா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நீ அவளோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டாவது கிறிஸ்துமஸ். வீட்டுக்கு வெள்ளையடிக்க எல்லாச் சாமானையும் வெளியே எடுத்துப் போட்டோம். அம்மையும் அந்த வருஷம்தான் பள்ளிக்கூட வேலை முடிந்து ஓய்வில் வந்திருந்தாள். அட்டையை ஒளித்து வைத்திருந்த என் பழைய டிக்கெட் பை பரண் மேல் கிடந்தது. அவள் அதைத் துடைக்க எடுத்தாள். எடுத்ததை நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலை புட்டும் பயறும் வைத்துவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் அந்த அட்டையையும் வைத்தாள். "சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்றாள். எனக்குப் புட்டு இறங்குமா? ஆனாலும் அவள் எதிரில் உட்கார்ந்து கடைசிப் பிடி வரை என்னைச் சாப்பிட வைத்தாள். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். கை கழுவினதும் சொன்னாள்: "பிள்ளைகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

பிறகுதான் நடையைப் பற்றிச் சொன்னாள். நம் ஊர் கொட்டாரத்திலிருந்து மதுரை வரை, நான் முப்பத்தோரு வருஷம் ஓடின அதே ரோட்டில் இரண்டு பேரும் நடப்பது. வழியில் எல்லா ஊரிலும் ஆட்களைப் பார்த்துக் கண்தானத்துக்குக் கையெழுத்து வாங்குவது. மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் அந்தத் தாள்களைக் கொடுத்துவிட்டு, நாமும் எழுதிக் கொடுப்பது.

"பஸ்சு கெடக்கும்ப எதுக்குட்டி நடக்கணும்?" என்று கேட்டேன்.

"பஸ்சுல போனா சீக்கிரம் போயிருவோம்லா. உங்களுக்குச் சொல்லுகதுக்குச் சமயம் வேண்டாமா?"

ஊருக்கு இது தெரியாது. வயதான கிறிஸ்தவத் தம்பதி, மகன் நினைவாகத் தர்மநடை என்று சபையில் அறிவித்தார்கள். போதகர் எண்ணெய் தடவாத குறையாக ஜெபம் பண்ணி வழியனுப்பினார். சாமின் படம் போட்ட பேனரை நான் பிடித்தேன், தாள்கள் இருந்த பையை அவள் தூக்கினாள். ஆரல்வாய்மொழியில் காற்று பேனரோடு என்னையும் சேர்த்து வயலுக்குள் இழுத்தது. "பிடியுங்க, பிடியுங்க, பிள்ளை பறக்கான்" என்று சொல்லி அவள் சிரித்தாள். அட்டையைக் கண்ட பிறகு அவள் சிரித்தது அன்றுதான். மதியத்துக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கும், தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்மந்தியும் பொட்டலம் கட்டிக்கொள்வோம். என்னோடு வேலை பார்த்த டிரைவர்கள் வண்டியை ஓரம் கட்டுவார்கள். "அண்ணாச்சி, ஏறுங்க, வள்ளியூர்ல எறக்கி விடுகேன். ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்பார்கள். அவள் என்னைப் பார்த்து, "ஏறுங்க, ஆருகிட்டயும் சொல்லாம இருக்க உங்களுக்குத்தான் நல்லா வருமே" என்பாள். டிரைவர் சிரிப்பார். நான் குனிந்து செருப்பைச் சரி செய்வேன்.

தினமும் சாயங்காலம், தங்குகிற இடத்துக்குப் போய்க் காலைச் சுடுவெள்ளத்தில் வைத்ததும், ஒரே ஒரு தடவை கேட்பாள். "இண்ணைக்குப் பிள்ளைக்குப் போன் பண்ணிச் சொல்லுகியளா?" நான் நாளைக்கு என்பேன். அவள் சரி என்று காலைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். நாங்குநேரியில் நாளைக்கு என்றேன். கயத்தாற்றில் நாளைக்கு என்றேன். பதினேழு நாள் நடந்தோம். பதினேழு தடவை அவள் கேட்டாள்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபையில் எங்களுக்கு வரவேற்பு. அங்கே பேசினவர் விஷயம் சரியாகத் தெரியாமல், "பெற்ற மகனின் கண்களையே தானமாகக் கொடுத்த பெற்றோர்" என்று சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்தக் கைதட்டல் எனக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. உன் அம்மை எழுந்து வந்தாள். என் தோளிலிருந்து அந்தச் சால்வையை எடுத்து, பள்ளிக்கூடத்தில் கொடி மடக்குவது போல நாலாக மடித்து மேஜை மேல் வைத்தாள். மைக்கைப் பிடித்து, "நாங்க குடுக்கல்ல. பிள்ளை எழுதி வச்சிருந்தான். எங்ககிட்ட வந்து கேட்டாங்க. நாங்க ரெண்டு பேருமா வேண்டாம்னு சொல்லிட்டோம். நீங்க அப்பிடிச் செய்யாதீங்க" என்றாள். அன்று வேண்டாம் என்று சொன்னது நான் மட்டும். அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனாலும் முன்பின் தெரியாத அத்தனை பேர் நடுவில் என் குற்றத்தில் பாதியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமும் கேட்டாள். அன்றும் நான் நாளைக்கு என்றேன்.

கோவில்பட்டியில் நீயே அம்மைக்குப் போன் பண்ணினாய். யாரோ எங்கள் படத்தை எடுத்து நெட்டில் போட்டதை நீ மஸ்கட்டில் பார்த்திருக்கிறாய். அம்மைக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள். பக்கத்தில் நான் இருந்தேன். "அண்ணனுக்க கண்ணை மண்ணுக்குள்ள போட்டுட்டு இப்பம் ஊரெல்லாம் நடந்து காட்டுகியா? ஆருக்கு வேண்டி இந்த நாடகம்?" என்று கேட்டாய். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபத்தோடு இல்லை, இப்போதாவது நான் வாங்கிப் பேசுவேன் என்று போனை என் பக்கமாகக் கொஞ்சம் நீட்டினாள். நான் கால் விரலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "ஆமா மக்ளே, தப்புதான்" என்று உன்னிடம் சொன்னாள். நீ போனை வைத்துவிட்டாய். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

மதுரையில் தாள்களைக் கொடுத்தோம். நாங்களும் எழுதிக் கொடுத்தோம். அவளுக்கு நானும் எனக்கு அவளும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். திரும்பி வருகிற பஸ்ஸில், பதினேழு நாள் நடந்த ரோடு ஐந்தரை மணி நேரத்தில் பின்னால் போயிற்று. திருமங்கலம் தாண்டும்போது அவள் சொன்னாள்: "இனி நான் கேக்க மாட்டேன். கேட்டுக் கேட்டுச் சொல்ல வச்சா, அது நீங்க சொன்னதா ஆவாது." அவள் சொன்னபடியே நடந்துகொண்டாள். மூன்று வருஷம் கேட்கவே இல்லை. நானும் சொல்லவே இல்லை.

பயந்துதான் சொல்லவில்லை என்று எழுதினால் அதுவும் பாதிப் பொய். நீ அம்மையிடம் பேசாத பேச்சையெல்லாம் என்னிடம் பேசினாய். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும். "அப்பா, சாப்பிட்டியளா, மருந்து போட்டியளா" என்று கேட்பாய். அவள் அடுப்படியில் நின்று, உன் குரலைக் கேட்பதற்காகத் தேங்காய் துருவுவதை நிறுத்திவைப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பாசத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவளுக்கும் வர வேண்டிய பங்கையும் சேர்த்து நானே தின்றேன்.

நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். உன் அம்மை இருந்தால் உனக்கு வேறு நல்ல புத்தி சொல்லியிருப்பாள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இது ஒன்றுதான். வீட்டில் ஒருவர் சத்தமாகப் பேசி மற்றவர் பேசாமல் இருந்தால், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. அவரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று விசாரி. சொல்ல வேண்டியது இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. நான் சொன்ன 'நாளைக்கு' ஒன்றுகூட வரவில்லை.

அம்மையின் கடைசி நாளைப் பற்றி நீ வந்தபோது நான் சரியாகச் சொல்லவில்லை. சிறுநீரில் தொடங்கிய காய்ச்சல் இரத்தத்துக்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் நினைவு தப்புவதற்கு முன்னால் என் கையைப் பிடித்து, "கண்ணுக்குப் போன் பண்ணிருவியளா?" என்றாள். "பிள்ளைக்கு?" என்று கேட்கவில்லை. வாக்கு மாறாதவள். அவள் போனதும், இந்தத் தடவை யாரும் வந்து கேட்பதற்கு முன் நானே போன் பண்ணினேன். கண்ணை மூடிவிட்டேன். ஃபேனை நிறுத்தினேன். பஞ்சை நனைத்து இமை மேல் வைத்தேன். தலையணையை உயர்த்தி வைத்தேன். பதினேழு நாள் ஊர் ஊராக அவள் சொல்லிக் கொடுத்தது எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். கண் ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியோடு ஒரு தம்பி வந்தார். டாக்டர் எழுதின தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, இரத்தத்தில் கிருமி இருப்பதால் இந்தக் கண்ணை இன்னொருவருக்கு வைக்க முடியாது, எடுக்கக் கூடாது என்றார். "ரெண்டும் வேண்டாம்னா ஒண்ணையாவது எடுங்க தம்பி, அவ நடந்து போய் எழுதிக் குடுத்தவ" என்று கெஞ்சினேன். அவரும் அழுதார். பெட்டியைத் திறக்காமலே கொண்டுபோனார். நல்ல கண் இருந்தபோது நான் விடவில்லை. நானே கொடுத்தபோது அது உதவவில்லை.

மறுநாள் நீ வந்தாய். கல்லறைத் தோட்டத்தில் உன் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. ஜனங்கள் நீ கல் நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். இப்போது இதைப் படித்த பிறகாவது உன் அம்மைக்காக அழுதுவிடு, மக்ளே. அவளைக் குற்றம் சொன்னதற்காக உன்னையே தின்றுகொள்ளாதே. நான் காட்டிய பர்சைத்தானே நீயும் பார்த்தாய்? அந்த அட்டை இனி உன்னிடமே இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு நான் வரலாமா, உன் கையைப் பிடிக்கலாமா என்பதை நீ சொல். வேண்டாம் என்றால் உன் பெரியப்பா கூட்டிக்கொண்டு வரட்டும். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டில் இருந்து ஜெபம் பண்ணுகிறேன். எதுவானாலும் நியாயம்தான்.

இன்னொன்று இருக்கிறது. அது மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாதது. இந்த வீட்டில் இன்னும் மிச்சம் இருப்பது என் கண்தான். சர்க்கரை இல்லை, புரை எடுத்தாயிற்று, அது தடையில்லை என்று கண் ஆஸ்பத்திரியிலேயே கேட்டுவிட்டேன். போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஃபேனைப் பற்றியும் பஞ்சைப் பற்றியும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் நான் எழுதிக் கொடுத்தது மட்டும் போதாதாம். அந்த நேரத்தில், உறவு என்று இருக்கிறவர் சரி என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு இனி உன்னைவிட்டால் யார்?

அன்று என்னிடம் வந்து கேட்டார்கள். ஒருநாள் உன்னைப் போனில் கூப்பிட்டுக் கேட்பார்கள். அப்போதும் என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், பியூலா. அப்பா என்று சொல்லக்கூட வேண்டாம். சரி என்று மட்டும் சொல்லிவிடு.